குறை சொன்னவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

2026 காலண்டரின் கடைசிக் கட்டு போன வாரம் வீட்டை விட்டுக் கிளம்பியது. கூடத்தில் இப்போதுதான் தரை தெரிகிறது. இது பத்தாவது காலண்டர். 2017-க்கான முதல் காலண்டரை 300 பிரதி அடித்து, பாதிக்கு மேல் கட்டிலுக்கடியில் தூங்கியது இன்னும் நினைவிருக்கிறது. பொங்கல் தாண்டிய காலண்டரும் தீபாவளி முடிந்த பட்டாசும் ஒன்று என்று அந்த வருடம்தான் கற்றுக்கொண்டேன்.

பத்து வருடம், மாதத்துக்கு ஒன்றாக 120 படம். எல்லாம் நம் ஊர்ப்பக்கத்து வீடுகள், கோட்டைகள், ரயில் நிலையங்கள், கலங்கரை விளக்கங்கள். வாட்டர்கலரில் வரைந்தது நான். ஆனால் படங்கள் பார்க்கும்படி இருக்கின்றன என்றால், அதற்குக் காரணம் அவற்றைப் பார்த்துவிட்டு "இது தப்பு" என்று முகத்துக்கு நேரே சொன்ன சிலர். பாராட்டியவர்களுக்கு அவ்வப்போது நன்றி சொல்லிவிட்டேன். குறை சொன்னவர்களிடம் அன்றைக்கு முகம் சுளித்ததோடு சரி. பாக்கி அங்கேதான் இருக்கிறது.

முதலில் கானாடுகாத்தான் பக்கத்து ஆச்சி.

செட்டிநாட்டு வீட்டை வரைவதில் முதல் சிக்கல் உள்ளே போவது. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீண்டு கிடக்கும் வீட்டில் வருடத்தில் முக்கால்வாசி நாள் ஆளிருக்காது. சொந்தக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். சாவி ஒரு காவல்கார அண்ணனிடம், அவருக்கு உத்தரவு பக்கத்து வீட்டு ஆச்சியிடமிருந்து. 2016-இல் நான் போய் நின்றபோது ஆச்சி கேட்டது ஒரே கேள்வி: "படம் எடுக்க வந்தியா, வரைய வந்தியா?" வரைய என்றேன். "அப்ப உக்காந்துதான ஆகணும். திறந்து விடுப்பா" என்றார்.

அந்தக் காவல்கார அண்ணன் செய்ததை மறக்கவே முடியாது. நிலைக்கதவைத் திறந்ததும் என்னை முகப்பிலேயே நிறுத்திவிட்டு, அவர் மட்டும் உள்ளே போனார். உள்ளிருந்து ஜன்னல் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும் சத்தம். பிறகு "இப்ப வாங்க" என்றார். வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், பதினோரு மணி வெயில் சதுரமாக இறங்கியிருந்தது. பர்மாத் தேக்குத் தூண்களின் நிழல் தரையில் பதித்த பூப்போட்ட ஆத்தங்குடிக் கல்லின் மேல் சாய்ந்து, கல்லின் பூவும் நிழலும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்துப் பூசி இழைத்த சுவர், அந்த வெயிலிலும் பீங்கான் மாதிரி குளிர்ந்திருந்தது. அந்தப் பளபளப்பைத் தாளில் கொண்டுவர எந்த வண்ணமும் உதவாது. தாளின் வெள்ளையை அப்படியே விட்டுவிட வேண்டும். விடுவதற்குத்தான் எனக்கு மூன்று வருடமாயிற்று.

காலண்டர் அச்சாகி வந்ததும் ஆச்சிக்கு ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். முகப்பில் சுதைக் கஜலட்சுமியிலிருந்து எல்லாம் இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "எல்லாஞ் சரி தம்பி. வாசல்ல கோலத்தக் காணோமே?" ஆளில்லாத வீடுதானே என்றேன். "ஆளில்லாட்டி என்ன? வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை நான் போட்டுட்டுத்தான இருக்கேன். நீ வேற கிழமை வந்திருப்ப." வியாழக்கிழமை போயிருந்தேன். பூட்டிய வீடு என்றால் பாழடைந்த வீடு என்று நானாக முடிவு கட்டிக்கொண்டு, வாசலில் இரண்டு சருகு வேறு வரைந்து வைத்திருந்தேன்.

அதோடு விடவில்லை. "ராகுகாலம் எங்க? அமாவாசை, கார்த்திகை எங்க? நாள் பாக்க முடியாத காலண்டர வச்சு நான் என்ன செய்ய?" என்றார். ஓவியக் காலண்டர் என்றால் எண்கள் மெல்லிசாக, சுற்றிலும் வெற்றிடமாக இருக்க வேண்டும் என்பது அப்போதைய என் கொள்கை. 2018-லிருந்து தமிழ்த் தேதி, அமாவாசை, கார்த்திகை, பிரதோஷம், முகூர்த்த நாள் எல்லாம் வந்துவிட்டன. அந்த வருடம்தான் முதல்முறையாகக் கட்டிலுக்கடி காலியானது. கொள்கை போனதில் வருத்தமில்லை.

ஆத்தங்குடியில் கல் போடும் அண்ணனுக்கு. உங்கள் பட்டறையில் நான் அரைநாள் வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்பு அச்சை வைத்து, கரண்டியால் கலர் சிமெண்டுக் கரைசலை ஒவ்வொரு கட்டமாக ஊற்றி, அச்சைத் தூக்கி, மேலே உலர்ந்த கலவையைத் தூவி, அதன்மேல் ஈரக் கலவை வைத்து அழுத்தி நிரவுவதை நீங்கள் சும்மா பேசிக்கொண்டே செய்தீர்கள். அப்புறம் சில நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறல். ஊறி எடுத்ததும் கண்ணாடி தானாகக் கழன்று வரும், அந்தக் கண்ணாடியின் வழவழப்பு கல்லில் ஒட்டிக்கொள்ளும். தேய்த்துப் பாலிஷ் போடுவதே இல்லை. என் படத்தைப் பார்த்து நீங்கள் சொன்னது: "இது மிஷின்ல செஞ்ச டைல்ஸ் மாதிரி இருக்கு. எங்க கல்லுல ஓரம் இவ்வளவு கூரா வராது. அச்சைத் தூக்கும்போது கலரு லேசா ஓடும்ல." உண்மைதான். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தேன். அன்றைக்குத் தூக்கி வைத்த ஸ்கேலை ஆத்தங்குடிக் கல்லுக்காக மறுபடி எடுக்கவில்லை.

ஊட்டிப் பக்கம் ஒரு மந்தில் (தோடர் பழங்குடியினரின் குடியிருப்பு) இருக்கும் தோடர் பெரியவருக்கு நான் சொல்ல வேண்டியது நன்றி மட்டுமில்லை, மன்னிப்பும்தான். பாதி பீப்பாயைக் கவிழ்த்தது மாதிரி வளைந்த கூரை, குனிந்து தவழ்ந்தால்தான் நுழையக்கூடிய வாசல், முகப்பில் எருமைத் தலையும் சூரியனும் நிலாவும். பார்த்ததும் மயங்கிப்போய் வேலிக்கு வெளியே உட்கார்ந்து வரைந்தேன். "தோடர் வீடு" என்று அடியில் எழுதியும் விட்டேன். நீங்கள் வந்து எட்டிப் பார்த்து, "இது வீடு இல்லை, கோயில்" என்றீர்கள். எருமைப் பால் சம்பந்தப்பட்ட பூசை நடக்கும் இடம், கண்டவர் நுழைய முடியாது. வீடு எங்கே என்று கேட்டதற்கு, பின்னால் கைகாட்டினீர்கள். பச்சை பெயிண்ட் அடித்த சாதாரண கான்கிரீட் வீடு, மாடியில் டிஷ் ஆன்டெனா. பழைய மாதிரி வீட்டில் இப்போது வசிப்பவர் மிகக் குறைவு என்றும், புல் கூரை வேய்வதற்கு ஏற்ற புல் கிடைப்பதே பெரும்பாடு என்றும் சொன்னீர்கள். அந்தச் சமயத்தில் நீங்கள் வந்திராவிட்டால், கோயிலை வீடு என்று சொல்லும் ஒரு தாள் ஐநூறு சுவர்களில் ஒரு மாதம் தொங்கியிருக்கும். அந்த மாதத்துக்கு இரண்டையும் சேர்த்தே வரைந்தேன், ஆன்டெனா உட்பட. "ஆன்டெனாவை எடுத்திருக்கலாமே" என்று இதுவரை பலர் சொல்லிவிட்டார்கள். எடுக்க மாட்டேன்.

தரங்கம்பாடிக்கு ஒரு சின்ன நன்றி. 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையைப் பாதி அங்கேயும் மீதி வீட்டிலுமாக முடித்தேன். கடற்கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த அண்ணன், அடுத்த முறை போனபோது காலண்டரைப் பார்த்துவிட்டு, "சாயங்காலம்னு போட்டிருக்கீங்க, வெளிச்சம் கடல்லேர்ந்து வருதே?" என்றார். கிழக்குக் கடற்கரை. கடலைப் பார்த்த சுவரில் செக்கச் சிவந்த அந்தி வெயிலை அடித்து வைத்திருக்கிறேன். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்ததைப் பற்றி எழுத வேண்டாம். இப்போதெல்லாம் ஓரத்தில் மணி குறித்துக்கொண்ட பிறகுதான் பிரஷை நனைக்கிறேன்.

இனி சிவகாசி.

காலண்டர் படம் என்றால் நம் ஊரில் அது சாமி படம். கோவில்பட்டியில் சி. கொண்டைய ராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் எத்தனை வீடுகளில் பூஜையறைக்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். நாட்கள் தீர்ந்த பிறகும் படத்தைக் கிழித்துப் போட மனசு வராமல் கண்ணாடிச் சட்டம் போட்டு வைப்பார்கள். அந்த ஊர்ப்பக்கம் போய், தூணும் திண்ணையுமாகப் பன்னிரண்டு தாளை நீட்டினால் என்ன சொல்வார்கள்? "சாமி இல்லாத காலண்டர எந்த வீட்டுல மாட்டுவாக?" என்றார் அச்சக அண்ணாச்சி. சொன்னாரே தவிர வேலையைத் தள்ளிவிடவில்லை. ஆடிப்பெருக்கன்று புது வருடக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் போட்டதிலிருந்து மார்கழி வரை அங்கே மிஷின் ஓய்வதில்லை. லட்சக்கணக்கில் தினசரி காலண்டர் ஓடும் சீசனில் என் ஐநூறு பிரதி ஒரு தொந்தரவு. இரண்டு பெரிய வேலைகளுக்கு நடுவில், பெரும்பாலும் ராத்திரி ஷிப்டில், எனக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார். பத்து வருடமும்.

அந்த ராத்திரிகளில் மிஷினில் நின்ற அண்ணனுக்குக் கண்தான் அளவுகோல். முதல் தாள் வெளியே வந்ததும் என் நாட்டு ஓடு முழுக்க ஆரஞ்சு மிட்டாய் நிறத்தில் இருக்கும். மூலப்படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "மெஜந்தாவ இறக்கணும், கறுப்ப ஒரு நூல் ஏத்தணும்" என்பார். சாவியைத் திருகி நாற்பது ஐம்பது தாள் ஓடவிட்டு மறுபடி பார்ப்பார். ஒருமுறை எல்லாம் சரியாக வந்த பிறகும் அவர் திருப்தியாகவில்லை. "இது சீம ஓடு கலருல்ல? வீட்டப் பாத்தா நாட்டு ஓடுல்ல தெரியுது?" என்றார். மிஷினில் தப்பில்லை. நான் வரைந்ததே அப்படித்தான். மங்களூர் ஓட்டின் சிவப்பைக் கலந்து கைவனை ஓட்டின் மேல் பூசியிருந்தேன். அச்சிலேயே கொஞ்சம் பழுப்பேற்றி என் மானத்தைக் காப்பாற்றினார்.

அச்சுத் தகடான பிளேட் போடும் பிரிவில் அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த தங்கச்சிக்குத் தனியாக ஒரு கும்பிடு. 2024 காலண்டர். படங்களை ஏழெட்டு முறை சரிபார்த்தேன். தேதிகளைப் பார்க்கவே இல்லை, போன வருடக் கட்டத்தை நகல் எடுத்துக் கிழமையை மட்டும் மாற்றியிருந்தேன். பிளேட்டுக்குப் போகும் நேரத்தில் போன்: "அண்ணே, பிப்ரவரி 28 புதன்ல முடியுது, மார்ச் 1 வெள்ளில ஆரம்பிக்குது. நடுவுல ஒரு வியாழக்கிழமையக் காணோமே?" லீப் வருடம். ஒரு முழு நாளை நான் விழுங்கியிருந்தேன். அன்றைக்குக் கல்யாணம் வைத்திருப்பவர்கள் என்னை என்ன செய்திருப்பார்கள்!

இன்னும் சிலர். 2021-க்கான படங்களுக்கு ஊரடங்கில் நான் எங்குமே போக முடியாதபோது, தாத்தா வீட்டுத் திண்ணையையும் ஓட்டையும் நாலா பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பியவர்கள். சிலர் டேப் வைத்து அளந்து தூணின் சுற்றளவுவரை எழுதியிருந்தார்கள். போன வருடம் ஒரு கூரியர் நிறுவனம் அறுபது காலண்டர்களை மழையில் ஊறவைத்துக் கொண்டுவந்து கொடுத்தபோது, "சித்திரை நல்லாத்தான் இருக்கு, தையும் மாசியும் மட்டும் ஒட்டிப்போச்சு, பரவாயில்லை" என்று பணத்தைத் திருப்பிக் கேட்காதவர்கள். வீட்டம்மா பற்றி எழுதினால் அவருக்குப் பிடிக்காது. மூன்று மாதம் சமையலறைக்குப் போக அட்டைப்பெட்டிகளைத் தாண்டித்தான் போனார் என்று மட்டும் எழுதிவிடுகிறேன்.

ஒரு குடும்பத்துக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை, எழுதிப் பார்க்கிறேன். 2019 செப்டம்பர் பக்கத்தில் வந்த வீடு இப்போது இல்லை. பங்காளிகள் பலர், ஆளுக்கொரு ஊரில். மராமத்துச் செலவை யார் ஏற்பது என்று முடிவாகவில்லை, கடைசியில் பிரித்துவிட்டார்கள். தூண்களும் நிலைகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை வாசலில் சாய்ந்திருந்ததை நானே பார்த்தேன். விற்றது குற்றம் என்று வெளியிலிருந்து சொல்வது சுலபம். ஒழுகும் கூரைக்கடியில் பத்து வருடம் பாத்திரம் வைத்தவர்கள் அவர்கள்தான். அந்த வீட்டில் பிறந்த அக்கா போன் செய்து அந்தப் பக்கத்தின் மூலப்படத்தைக் கேட்டார். கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர் அழவில்லை. "ரெண்டாங்கட்டு ஜன்னல்ல ஒரு கம்பி வளைஞ்சிருக்கும், நான் சின்னப்புள்ளைல தலைய விட்டு மாட்டிக்கிட்டது. அத நேரா வரைஞ்சிட்டீங்களே" என்றார். அங்கேயே பையிலிருந்த பிரஷால் வளைத்துக் கொடுத்தேன்.

கடைசியாக மறுபடியும் ஆச்சி. இந்த வருட ஏப்ரல் பக்கத்தில் அதே கானாடுகாத்தான் பக்கத்து வீட்டை வரைந்திருக்கிறேன். இந்த முறை வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கே போய் நின்றேன். கோலத்தோடு வரைந்து, முதல் பிரதியை ஆச்சிக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள் போன் வந்தது. கோலம் நன்றாயிருக்கிறதாம். மூன்றாவது வரிசையில் இடது ஓரம் ஒரு புள்ளி குறைகிறதாம்.

எண்ணிப் பார்த்தேன். குறைகிறது. மூலப்படத்தில் நேற்று வைத்துவிட்டேன். காலண்டர் வாங்கியவர்கள் ஏப்ரல் வரும்போது ஒரு வெள்ளைப் பேனாவால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
காலண்டர் வரைபவன்