மெல்போர்னில் வெயில்

அன்பு பாப்பாவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். பொங்கலுக்கு நீ வராததைப் பற்றி நான் எதுவும் கேட்கப்போவதில்லை. அம்மாதான் பரணிலிருந்து உன் வெண்கலப் பானையை இறக்கி வைத்து, மறுபடி ஏற்றிவிட்டாள். பெரியப்பா விஷயம் ஒருவழியாக முடிந்தது, நேரில் சொல்கிறேன். தேன்கனிக்கோட்டையில் குளிர் ஜாஸ்தியாக இருக்கும். ஸ்வெட்டர் போடு. வேளைக்குச் சாப்பிடு.

கடைசியாகப் பேசியபோது, "ரெண்டு தடவை நடத்தியும் பாதிப் பேர் தப்பாத்தான் எழுதறாங்கப்பா, நான் இந்த வேலைக்கு லாயக்கில்லையோ" என்றாய். நான் "எங்க காலத்துல" என்று ஆரம்பித்தேன். நீ வைத்துவிட்டாய். மூன்று வாரம் ஆகிறது. அந்தப் பேச்சை நான் இப்போது எடுக்கவில்லை. பாடத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கோடையில் பூமி சூரியனுக்குக் கிட்டப் போகிறது, அதனால் வெயில். இதைத்தானே எழுதினார்கள்? அது படிக்காததால் வந்த பதில் இல்லை பாப்பா. அடுப்புக்குக் கிட்டப் போனால் சுடும் என்று இரண்டு வயதிலேயே தெரிந்துகொண்ட பிள்ளைகள். போதாததற்கு, படங்களில் பூமியின் பாதையைக் கோழிமுட்டை மாதிரி இழுத்துப் போட்டுவிடுகிறார்கள். உண்மையில் அதற்கும் காம்பஸில் போட்ட வட்டத்துக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஜனவரி முதல் வாரத்தில் தூரம் சுமார் 14.7 கோடி கிலோமீட்டர், ஜூலை முதல் வாரத்தில் 15.2 கோடி. கிட்ட இருக்கும்போதுதான் நீ ஸ்வெட்டர் போடுகிறாய்.

பூமியின் அச்சு 23.5 டிகிரி சாய்ந்திருக்கிறது, வெயிலுக்கும் குளிருக்கும் அதுதான் காரணம் என்று மூன்றாம் தடவை நடத்தினால் அதையும் மனப்பாடம் செய்து அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வார்கள். முதலில் அவர்களைப் பேச விடு. ஏன் வெயில் என்று படம் போட்டுக் காட்டச் சொல். சிரிக்காதே, உடனே திருத்தாதே. அப்புறம் அந்த இரண்டு தூரத்தையும் மாதத்தோடு பலகையில் எழுதிவிட்டு சும்மா நில். சத்தம் வரும், வரட்டும். மைதானத்தில் ஒரு குச்சி நட்டு, வாரம் ஒருநாள் உச்சிவேளையில் நிழலை அளக்கச் சொல். இப்போது குச்சியில் பாதிக்கு மேல் நீளமாக வடக்கே விழும். ஏப்ரல் 24ஐ ஒட்டி உங்கள் பக்கம் குச்சிக்கு அடியிலேயே ஒடுங்கிவிடும். டார்ச்சை நேராகவும் சாய்த்தும் சுவரில் அடித்துக் காட்டுவதெல்லாம் அதற்குப் பிறகு. முதலில் பேச விடு. ராத்திரி பட்டினி கிடக்காதே.

பி.எட். பயிற்சிக்கு எங்கள் பள்ளிக்கே வந்தாயே, அப்போது ஹெச்.எம். என்னிடம், "சார், உங்களைவிட நல்லா நடத்துது" என்றார். உன்னிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். நீயும் எதையும் வாய்விட்டுச் சொல்கிற ஆள் இல்லை.

லாயக்கு என்று நீ சொன்னதும் எனக்கு ஒரு பையன் ஞாபகம்தான் வந்தது. 2004 ஜனவரி, அரையாண்டு லீவு முடிந்து பள்ளி திறந்த வாரம், எட்டாம் வகுப்பு. கிட்டப் போனால் கோடை என்றுதான் நானும் நடத்திக்கொண்டிருந்தேன். ஆமாம், நான்தான். அதற்கு முன்னால் எத்தனை வருடம் அப்படி நடத்தினேன் என்று எண்ணிப் பார்க்கப் பிடிக்கவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து அவன் எழுந்தான். "சார், மெல்போர்ன்ல சேவாக் 195 அடிச்சாருல்ல, அன்னிக்கு அங்க எல்லாரும் தொப்பி போட்டுக்கிட்டு வெயில்ல உக்காந்திருந்தாங்க. நமக்குப் பனி. சூரியன் அவங்களுக்கு மட்டும் கிட்ட வந்துருச்சா?"

வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. "கிரிக்கெட் பாக்குற மூஞ்சிக்குக் கேள்வி ஒரு கேடா" என்று பீரியட் முழுக்க அவனை பெஞ்சு மேல் நிற்க வைத்தேன். அன்று ராத்திரியே புத்தகத்தைப் புரட்டினேன். மறுநாள் சரியாக நடத்திவிட்டேன். நேற்று நீ கேட்டது நல்ல கேள்விடா என்று மட்டும் அவனிடம் சொல்லவில்லை. அதற்கப்புறம் அவன் என் வகுப்பில் வாயே திறக்கவில்லை. பத்தாவதோடு நின்றுவிட்டான்.

பந்தலடியில் இப்போது செல்போன் கடை வைத்திருக்கிறான். நேற்று அவனிடம்தான் ரீசார்ஜ் செய்தேன். "84 நாளைக்கு எவ்வளவு வேணாலும் பேசலாம் சார்" என்றான். சரி என்று வந்துவிட்டேன்.

ஒன்பது மணிக்கு மேலும் நான் விழித்துத்தான் இருப்பேன்.

அப்பா