எல்லைக் கயிற்றைத் தாண்டிக் கூட்டிப்போகும் முன்

சென்னை, கோவை, பெங்களூரிலிருந்து ஒவ்வொரு குளிர்காலமும் காஷ்மீரின் குல்மார்க்குக்கு ஆள் சேர்த்துப் போகும் பனிச்சறுக்குக் குழுக்களின் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம்.

டிசம்பர் பிறந்தால் உங்கள் அழைப்புகள் வாட்ஸ்அப்பில் வரத் தொடங்கிவிடும். ஏழு நாள் பயணம், அடிப்படைப் பயிற்சி, சறுக்குக் கட்டையும் பூட்ஸும் வாடகைக்கு, கடைசி இரண்டு நாள் 'அஃபர்வாட்டில் பவுடர்', அதாவது குல்மார்க்குக்கு மேலே உள்ள அஃபர்வாட் மலையில் மிதிபடாத புதுப் பனியில் சறுக்கு. நானும் அப்படி ஒரு செய்தியைப் பார்த்துத்தான் முதன்முதலில் போனேன். மார்கழிப் பனியைத் தவிர வேறு பனியைத் தொட்டறியாத என்னை அந்த மலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது உங்களைப் போன்ற ஒருவர்தான். அந்த நன்றி எனக்கு என்றைக்கும் உண்டு. இந்த மடல் அந்தக் கடைசி இரண்டு நாளையும், அப்போது காத்திருக்கும் பனிச்சரிவு அபாயத்தையும் பற்றியது.

நான் போன மூன்றாவது குளிர்காலம். பதினொரு பேர் கொண்ட குழு. இரண்டு நாள் விடாமல் பனி கொட்டி, மூன்றாம் நாள் காலை வானம் கழுவிவிட்டது போலிருந்தது. கோண்டோலா எனும் கேபிள் காரின் இரண்டாம் கட்டம் திறந்ததும் முதல் ஆட்களாக மேலே ஏறினோம். அங்கிருந்து எங்கள் அமைப்பாளர், பாதுகாப்புக் காவலர்களான ஸ்கீ பேட்ரோல் பார்த்துக்கொள்ளும் பகுதியின் எல்லையைத் தாண்டி எங்களைக் கூட்டிப்போனார். பதினொரு பேருக்கு ஆறு பீக்கன் (பனியில் புதைந்தவரைத் தேட உதவும் சிக்னல் கருவி). அதில் ஒன்றில் பேட்டரி தீரும் நிலை. இன்னொன்று ஆன் செய்யாமலே பைக்குள் கிடந்தது என்பது மாலையில் அறைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. பனி அள்ளும் மண்வாரி மொத்தமே இரண்டு.

வரிசையாகப் போய்க்கொண்டிருந்தபோது காலடியில் 'தொம்' என்று ஒரு சத்தம். லாரியிலிருந்து அரிசி மூட்டையைக் கீழே போட்டால் கேட்குமே, அந்த மாதிரி. ஆனால் இது தரைக்குள்ளிருந்து வந்தது. நான் நின்ற இடம் ஒரு விரல்கடை கீழே இறங்கியது. எனக்கு முன்னால் போன பெண்ணின் சறுக்குக் கட்டை நுனியிலிருந்து ஒரு விரிசல் கிளம்பி, வேட்டி கிழிவது போல நேராக முப்பதடி ஓடி நின்றது. யாரும் பேசவில்லை. எங்கள் காஷ்மீரி வழிகாட்டி கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். பிறகு ஒருவர் பின் ஒருவராக, நன்றாக இடைவெளி விட்டு, வந்த தடத்திலேயே எங்களைத் திருப்பி அனுப்பினார். "ஒண்ணுமில்லை, பனி செட்டில் ஆகுது" என்று அமைப்பாளர் எல்லோருக்கும் தைரியம் சொன்னார்.

அது செட்டில் ஆகிற சத்தம் இல்லை. அடியில் ஓர் அடுக்கு நொறுங்குகிற சத்தம். நாங்கள் நின்ற இடத்தில் சாய்வு குறைவு என்பதால் மேலே இருந்த பாளம் நகரவில்லை. இன்னும் கொஞ்சம் செங்குத்தான இடத்தில் அதே அடுக்கு நொறுங்கியிருந்தால் இதை எழுத நான் இருந்திருப்பேனா என்று தெரியாது.

அன்று மதியம் அந்த வழிகாட்டி பத்திரமான ஒரு மேட்டில் பனியில் குழி வெட்டிக் காட்டினார். இடுப்பளவு ஆழம். குழியின் சுவரைக் கையுறையால் தடவினால் அடுக்கடுக்காகத் தெரிகிறது. மேலே புதுப் பனி, காற்று அழுத்தி அழுத்தி ஒரே பலகையாக இறுகியிருந்தது. தரைக்குப் பக்கத்தில் சுவர் தானாகவே உதிர்ந்துகொண்டிருந்தது. அதை ஒரு கை அள்ளித் தந்தார். உருண்டை பிடித்துப் பார்த்தேன், பிடிபடவே இல்லை. விரலிடுக்கில் ஓடிவிட்டது. "சீனி" என்றார். நம் தென்மாவட்டங்களில் சொல்கிற அதே சீனி. இந்தியிலும் அதே சொல் என்பதால் எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அந்தச் சீனி எப்படி வருகிறது என்பதை உங்களோடு வருகிற ஒவ்வொருவருக்கும் நீங்கள் சொல்லியாக வேண்டும். குளிர்காலத் தொடக்கத்தில் கொஞ்சமாகப் பனி பெய்து, அப்புறம் வாரக்கணக்கில் வானம் தெளிந்து கிடக்கிறது என்று வையுங்கள். பனிக்கு அடியில் தரை ஏறக்குறைய பூஜ்யம் டிகிரியிலேயே இருக்கும். மேற்பரப்போ இரவில் மைனஸ் பதினைந்துக்குப் போய்விடும். பனி மெல்லியதாக இருந்தால் இந்த வித்தியாசம் ஒரு முழத்துக்குள்ளேயே அடங்கவேண்டும். கீழேயுள்ள நீராவி மேலே ஏறி ஏறித் துகளில் படிந்து, துகள்கள் கோணல் கோணலான படிகங்களாக வளர்ந்துவிடும். ஒன்றோடொன்று ஒட்டாது. அதன் மேல் பிப்ரவரியில் ஒரு மீட்டர் புதுப் பனி விழுந்து, காற்றும் அதை ஒரு பக்கமாகக் குவித்தால், மணலைப் பரப்பி அதன்மேல் சரிவாகக் கருங்கல் பலகையை வைத்தது போலத்தான். ஒரு மனிதனின் எடை போதும்.

2024 ஜனவரியில் குல்மார்க்கின் புல்தரை பனியில்லாமல் வெறுமனே கிடந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். டிசம்பர் 21இல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிர்காலமான சில்லை கலானில்தான் அங்கே பெரும்பனி வரவேண்டும். வராமல் தள்ளிப்போகும் வருஷங்களில், கடைசியில் பனி கொட்டும்போது எல்லோருக்கும் கொண்டாட்டம். சந்தோஷம் எனக்கும்தான். ஆனால் வறண்ட தொடக்கமும் திடீர்ப் பெரும்பனியும் சேர்ந்த குளிர்காலம் கூடுதலாகப் பயப்பட வேண்டிய குளிர்காலம்.

அந்த மலை பெயருக்குத்தான் சுற்றுலாத் தலம். 2010 பிப்ரவரி 8 அன்று குல்மார்க்கை அடுத்த கிலன்மார்க்கில் பனிச்சரிவில் சிக்கி 17 ராணுவத்தினர் இறந்தார்கள். அவர்கள் உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளியில் இருந்தவர்கள். பனியில் வாழக் கற்றுக்கொண்டிருந்தவர்களுக்கே அந்தக் கதி. 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வாட்டின் ஹபத்குட் சரிவில் போலந்துக்காரர்கள் இருவர் இறந்தார்கள். கூடவே மாட்டிய வெளிநாட்டவர் 19 பேரை மீட்டார்கள். 2024 பிப்ரவரி 22 அன்று ஒரு ரஷ்யர் இறந்தார். அப்போது கீழே கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் நடந்துகொண்டிருந்தன.

உலகம் முழுக்கப் பார்த்தாலும் பனிச்சறுக்குக்காரர்கள் மாட்டுகிற சரிவுகளில் பத்துக்கு ஒன்பது, மாட்டியவரோ அவரோடு வந்தவரோ கிளப்பிவிட்டதுதான். ஆகவே இதை 'இயற்கையின் சீற்றம்' என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. அந்தக் காலையில் யார் எந்தச் சரிவில் கால் வைப்பது என்பதை ஓர் ஆள் முடிவு செய்கிறார். உங்கள் குழுக்களில் அந்த ஆள் நீங்கள்.

கோண்டோலாவுக்கு நேர் கீழே இருக்கும் பள்ளத்தைப் பேட்ரோல்காரர்கள் கவனிக்கிறார்கள். தேவைப்பட்டால் வெடி வைத்துப் பனியை முன்கூட்டியே இறக்கிவிட்டுத்தான் திறக்கிறார்கள். எல்லைக்கு வெளியே அப்படி யாரும் இல்லை. அதே கோண்டோலாவில் பத்து நிமிடத்தில் ஏறிவிடுவதால் உள்ளேயும் வெளியேயும் ஒரே இடம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. புதிதாக வருகிறவருக்கு அந்த வித்தியாசம் கண்ணில் படாது. இரண்டு பக்கமும் வெள்ளைதான்.

அடுத்து எச்சரிக்கை அறிக்கை. சண்டிகரில் இருக்கும் டி.ஜி.ஆர்.இ. என்ற பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் பனிச்சரிவு அறிவிப்பு வெளியிடுகிறது. மணாலியில் 1969இல் தொடங்கிய 'சாசே' என்ற பனிச்சரிவு ஆய்வு நிறுவனத்தின் தொடர்ச்சிதான் அது. உயிர்களைக் காக்கிற வேலை, மதிக்கிறேன். ஆனால் அது குல்மார்க் இருக்கும் பாரமுல்லா மாவட்டத்தில் இத்தனை மீட்டருக்கு மேல் இந்த அளவு அபாயம் என்று சொல்லும். நீங்கள் இறங்கப்போகும் சரிவு கிழக்கு பார்த்ததா, வடக்கு பார்த்ததா, நேற்றிரவுக் காற்று எந்தப் பக்கம் பனியைக் குவித்தது என்பதெல்லாம் அதில் இருக்காது. 'பச்சை போட்டிருக்கான், போகலாம்' என்று ஓர் அமைப்பாளர் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். மாவட்ட அறிவிப்பை வைத்துச் சரிவைத் தேர்ந்தெடுப்பது, சென்னை வானிலையைக் கேட்டுவிட்டுக் கொடைக்கானலுக்கு ஸ்வெட்டர் வேண்டாம் என்பது மாதிரி.

என் முதல் வேண்டுகோள் கருவி பற்றியது அல்ல. அழைப்புச் செய்தியில் நாள் குறித்துப் பவுடர் வாக்களிக்காதீர்கள். 'ஆறாம் நாள், ஏழாம் நாள் அஃபர்வாட் பின்பக்கம்' என்று நீங்கள் எழுதிவிட்டால், ஆறாம் நாள் பனி எப்படி இருந்தாலும் போயாக வேண்டிய கட்டாயம் உங்களுக்கு வந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை விமானம். முப்பதாயிரம் நாற்பதாயிரம் கொடுத்த பையன் முகத்தைப் பார்க்க வேண்டும். புயல் ஓய்ந்த மறுநாள் காலை வெயில் அடிக்கும்போது 'இன்னிக்கு வேண்டாம்' என்று சொல்ல யாருக்கும் மனசு வராது. பனிச்சரிவுக்கு மிகவும் சாதகமான நாளும் அதுதான். செய்தியிலேயே எழுதுங்கள்: 'பனி அனுமதித்தால் மட்டும். இல்லையென்றால் கீழே மரங்களுக்கிடையே மிதமான சரிவில் சறுக்குவோம்.' அப்படி எழுதியதால் வராமல் போகிறவர்கள் போகட்டும்.

இரண்டாவது, உள்ளூர் வழிகாட்டியின் கூலி. பல குழுக்களில் மலை ஏறினால்தான் அன்றைய பணம். குழந்தைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு அந்த மூன்று மாத வருமானத்தை நம்பியிருக்கிற ஒருவரிடம் 'போகலாமா?' என்று கேட்டுவிட்டு, 'வேண்டாம்' என்றால் காசில்லை என்று வைத்திருக்கிறோம். போனாலும் போகாவிட்டாலும் ஒரே கூலி என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அன்று எங்களைத் திருப்பி அனுப்பினவருக்கு முழுக்கூலி கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கருவிகள் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்களுக்குத் தெரியாததில்லை. ஆளுக்கொரு பீக்கன், பனிக்குள் குத்தித் தேட ஆளுக்கொரு புரோப் கம்பி, ஆளுக்கொரு மண்வாரி. பத்துப் பேருக்கு ஆறு என்றால் நான்கு பேரைத் தேட வழியில்லை, அந்த நான்கு பேராலும் யாரையும் தேட முடியாது. பீக்கன் உடம்போடு கட்டியிருக்க வேண்டும், பைக்குள் அல்ல. கைப்பேசியைப் பீக்கனிலிருந்து ஒரு சாண் தள்ளியாவது வைக்கச் சொல்லுங்கள். தேடும்போது கைப்பேசியை அணைத்துவிடுவது நல்லது. காலையில் கிளம்பும்போது ஒவ்வொருவராக நடக்கவிட்டு, சிக்னல் வருகிறதா என்று பார்ப்பதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆபத்தான சரிவில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும், மற்றவர்கள் பத்திரமான இடத்தில் நின்று கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும்.

புதைந்தவரை முதல் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் வரை பிழைக்கிறார்கள். அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவர்தான். கீழேயிருந்து மீட்புக் குழு எவ்வளவு வேகமாக வந்தாலும் அந்தப் பத்து நிமிடத்துக்குள் வர முடியாது. சரிந்து நின்ற பனி சிமென்ட் போல இறுகிவிடும், வெறுங்கையால் தோண்டினால் நகம்தான் போகும். பக்கத்தில் நிற்கிற தோழிக்கோ தம்பிக்கோ தேடத் தெரிந்திருந்தால் உண்டு.

குரங்கணியை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். 2018 மார்ச்சில் தேனி மலையில் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்தும் மலையைப் பார்க்க ஆசைப்பட்டுப் போன இளைஞர்கள். அந்தக் காட்டைப் பற்றி யார் அவர்களுக்கு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்ற கேள்வி அந்த வாரம் முழுக்க ஊரெல்லாம் ஓடியது. அஃபர்வாட்டைப் பற்றி அதே கேள்வியை நான் இப்போதே, எல்லோரும் உயிரோடு இருக்கும்போதே உங்களிடம் கேட்கிறேன்.

கடைசியாக ஒன்று. பீக்கன் தேடிப் பழகப் பனியே தேவையில்லை. நான் இரண்டு வருஷமாகப் பெசன்ட் நகர் கடற்கரையில் பழகுகிறேன். ஒன்றை ஆன் செய்து, பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, காய்ந்த மணலில் ஒரு முழம் புதைத்துவிட்டு, கண்ணை மூடித் திரும்பி நிற்பவரைத் தேடச் சொல்ல வேண்டியதுதான். முதல் தடவை எனக்குப் பதினான்கு நிமிடம் ஆனது. இப்போது மூன்றரை. என்னிடம் இரண்டு பீக்கனும் ஒரு புரோப் கம்பியும் இருக்கின்றன. இந்த டிசம்பரில் உங்கள் குழு கிளம்புவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அவர்களை அங்கே அழைத்து வாருங்கள். நான் வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய குழுவில் ஒருவன்
சென்னை