சாருக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

அப்பா நேற்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். ரசம் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். போன வாரம் நாங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும், திரும்பச் சொல்லவில்லை.

அப்பாவுக்குத் தேவைப்பட்ட பிளேட்லெட்டை, அதாவது ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களை, ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது, அதனால் ரத்த வங்கியில் எப்போதும் கையிருப்பு இருக்காது. ஆள் தேடிப் போன் போட்டவர்கள், பாதி ராத்திரியில் வந்து கொடுத்த தம்பிகள், காசு வாங்க மறுத்த ஆட்டோ அண்ணன், மாடுகளைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அத்தை, எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

சாரைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு நடந்த பாராட்டு விழாவுக்கு என்னால் வர முடியவில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர் வெளியூர் வேலைக்குப் போகாமல் ஊரிலேயே மாலை வகுப்பு தொடங்கியதையும், 2004 சுனாமிக்குப் பிறகு சாமியார்பேட்டையிலேயே தங்கி, காணாமல் போனவர்களின் பெயர்களை நோட்டில் எழுதியதையும் மேடையில் சொன்னார்களாம். அந்த நோட்டுப் பழக்கத்தை நான் ஐசியூ வாசலில் பார்த்தேன்.

அன்றைக்கு ராத்திரி கடைசி டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். நான் தூங்காமல் எத்தனையோ நேரம் ஆகியிருந்தது. நர்ஸ் எப்போது பெயர் சொல்லிக் கூப்பிடுவாரோ, மருந்துச் சீட்டோடு ஓட வேண்டுமே என்ற பயம். "தம்பி, நீ படு. நான் முழிச்சிருக்கேன்" என்று ஃபைலை வாங்கிக்கொண்டார். பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டேன்.

விடிந்ததும் ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். எந்த மருந்து, எத்தனை மணிக்கு, டாக்டர் என்ன சொன்னார் என்று வரிசையாக எழுதியிருந்தார். நடுவில் ஒரு வரி: "2.10. அப்பா கண் திறந்தார். தண்ணீர் கேட்டாராம்."

அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தேனோ. மருந்துக் கணக்கை யாரும் எழுதிவிடுவார்கள். தூங்கும் மகன் எதைக் கேட்க ஏங்குவான் என்று தெரிந்து எழுத, இத்தனை வருஷம் மற்றவர்கள் வீட்டுக் கஷ்டத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

சார், உங்களுக்கும் வயதாகிறது. இனி யார் கூப்பிட்டாலும் ராத்திரிக்கு என்னை அனுப்புங்கள். வண்டி இருக்கிறது, எத்தனை மணியானாலும் போய்விடுவேன்.