காய்ந்த கிளையும் ஆறுதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

லடாக்கின் நூப்ரா ஆறு பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ராணுவத்தில் இருந்தபோது அந்தப் பள்ளத்தாக்கில் வேலை பார்த்தவன் நான். படங்கள் அருமை. ஆனால், ஆறு வழி தெரியாமல் சிதறி ஓடுகிறது என்று எழுதியிருந்ததை ஏற்க முடியவில்லை.

நூப்ராவுக்குத் தண்ணீர் தருவது சியாச்சின் பனியாறு. சுமார் 76 கி.மீ. நீளமுள்ள அந்தப் பனிக்கட்டி நகர நகர, அடியிலுள்ள பாறையை அரைக்கிறது. உருகும் நீரோடு கல், சரளை, மணல், நைசான பாறைப்பொடி எல்லாமே இறங்கி வரும். பள்ளத்தாக்கு அகன்று சரிவு குறையும் இடத்தில் அத்தனை சுமையையும் இழுத்துப்போக ஆற்றுக்குத் தெம்பு போதாது. நடுவிலேயே இறக்கிவிடுகிறது. அங்கே ஒரு சரளைத் திட்டு எழும். தண்ணீர் இரண்டாகப் பிரிந்து அதைச் சுற்றிப்போகும், கீழே சேரும், மறுபடி பிரியும். கரையும் உதிரி மணல்தான் என்பதால் அதையும் அரித்துக்கொண்டு புது வழி போடும். இதைத்தான் பின்னல் ஆறு என்கிறார்கள்.

கோடைக்காலத்தில் காலையில் முழங்கால் நனையக் கடந்த கிளையை மாலையில் நெருங்க முடியாது. பகல் வெயிலில் உருகியது அப்போதுதான் வந்து சேரும். சாம்பல் நிறத் தண்ணீருக்கு அடியில் கற்கள் உருண்டு மோதும் சத்தம் கரையில் நின்றாலே கேட்கும். ஜூலை, ஆகஸ்டில் பெருக்கு. குளிர்காலத்தில் போகிறவருக்கு ஒன்றிரண்டு கிளைதான் தெரியும். மற்றதெல்லாம் வெறும் பொட்டல் என்று நினைப்பார். அந்த அகலம் முழுவதும் ஆறுதான்.

கட்டுரையின் கடைசியில் நீலகிரி ஆறுகளையும் இதே கணக்கில் சேர்த்திருக்கிறீர்கள். இங்கே பனியாறு ஏது? உறைபனி விழும், வெயில் ஏறினால் போய்விடும். பைக்காராவுக்கும் குந்தாவுக்கும் வருவது மழைநீர். புல்வெளியும் சோலையும் பள்ளத்துச் சதுப்பும் அதைப் பிடித்துவைத்து மெதுவாக விடுகின்றன. அவலாஞ்சி பக்கம் ஏப்ரலில் புற்கற்றைக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள், சில்லென்று தெளிந்த நீர் கசியும். கெட்டிப் பாறையை அறுத்துக்கொண்டு போவதால் நம் ஆறுகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் ஓடுகின்றன. மாயாறு பள்ளத்தாக்கைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

ஆனால் மனிதர் செய்யும் தவறு இரண்டு இடத்திலும் ஒன்றே. தண்ணீர் இல்லாத நேரத்தில் பார்த்துவிட்டு, காலி இடம் என்கிறோம். இங்கே சதுப்பில் மண் கொட்டி கேரட் போடுகிறார்கள், அப்புறம் வீடு எழும்புகிறது. கோடையில் ஊறிவரும் நீருக்கும் இடமில்லை, மழையில் பெருகும் நீருக்கும் இடமில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அப்படிப் பெய்யும் மலையில் ஓடையின் அகலத்தைக் கோடைத் தண்ணீரை வைத்து முடிவு செய்யலாமா?

ஓடைப் புறம்போக்கை அளப்பவர்கள் மழைக்காலத்தில் வெள்ளம் தொட்ட தடத்தைப் பார்த்துக் கல் நட வேண்டும். சதுப்புகளையும் நீர்நிலையாகவே கணக்கில் எடுக்க வேண்டும். இதைப் பற்றி உங்கள் நிருபர்கள் இங்கே வந்து விசாரித்து எழுதினால் நல்லது.

இப்படிக்கு,
முன்னாள் ராணுவ வீரர்,
கோத்தகிரி.