பதினாறு பேருக்கு ஒரு மேசை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் போடாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, கண் ஆபரேஷன். நல்லபடியாக முடிந்தது. கொஞ்ச நாள் படிக்காதே, எழுதாதே என்று டாக்டர் சொல்லிவிட்டதால் உன் கடிதத்தை என் வீட்டுக்காரர்தான் வாசித்துக் காட்டினார். ஹாஸ்டல் சுவர் ஏறிக் குதித்த கதை வந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டு, கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார். இனிமேல் அந்த மாதிரி விஷயங்களைத் தனித் தாளில் எழுதி மடித்து வை.

உன் முட்டிவலி தேவலையா? நம் உல்லாசக் கப்பல் பயணத்துக்குக் கேபின் எண் இன்னும் ஒதுக்கவில்லை என்றால் நடு லிஃப்டுக்குப் பக்கத்தில் கேள். 300 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கப்பல்கள் எத்தனையோ இருக்கின்றன. பிரதான சாப்பாட்டு அறை பல கப்பல்களில் பின்கோடியில் இருக்கும். முன்பக்க கேபினிலிருந்து அங்கே போய் வருவதே ஒரு வாக்கிங்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாம் பதினாறு பேர் கப்பலேறப்போவதைப் பற்றி எழுதியவள், நடுவில் ஒரு வரி போட்டிருந்தாய்: "ராத்திரிச் சாப்பாட்டுக்கு நேரக் கட்டுப்பாடே கிடையாதாம், இஷ்டப்பட்ட நேரத்தில் போய் உட்காரலாமாம், அதனால் அந்தக் கவலை இல்லை." அடி அசடே, கவலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

போன வருஷம் நாங்கள் குடும்பமாகப் பதினாலு பேர் போனோமே, ஏழு ராத்திரி. அதில் பதினாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டது எத்தனை ராத்திரி தெரியுமா? இரண்டே இரண்டு. எங்களுக்கும் இதே "இஷ்டப்பட்ட நேரம்" ஏற்பாடுதான்.

முதல் ராத்திரியைக் கேள். ஏழு மணிக்குச் சாப்பாட்டு அறை வாசலில் கூடுவோம் என்று பேச்சு. போய்ப் பார்த்தால் கூட்டம் மாடிப்படி வரை நிற்கிறது. வாசலில் நின்ற பெண், எத்தனை பேர் என்று கேட்டாள். பதினாலு என்றேன். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, திரையைத் தட்டிக்கொண்டிருந்த விரல் மட்டும் நின்றுவிட்டது. உள்ளங்கை அகலத்தில் வட்டமாக ஒரு கருவியைக் கையில் கொடுத்தாள். மேசை தயாரானால் அது நடுங்குமாம், ஓரத்தில் சிவப்பு விளக்கு சுற்றுமாம். ஐம்பது நிமிஷம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமனார் சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டிய சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு நிற்கிறார். குழந்தைகள் தரையில் உட்கார்ந்துவிட்டன. முதலில் ஓரகத்தி குழந்தைகளை இழுத்துக்கொண்டு மேல் டெக் பஃபேக்குப் போனாள், அடுத்து மாமனார், அவருக்குத் துணையாக மாமியார், அவர்களுக்குத் தட்டு எடுத்துக் கொடுக்க என்று இன்னும் சிலர். அந்த வட்டம் கையில் நடுங்கியபோது மிச்சம் நின்றது ஐந்து பேர். உள்ளே மூன்று மேசையை ஒட்டிப்போட்டு, பதினாலு நாற்காலி, பதினாலு நாப்கின். நாங்கள் சூப் குடிக்கக் குடிக்க, ஒன்பது நாற்காலியையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். சத்தம் வராமல்தான் தூக்கினார்கள். அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

அப்புறம் யோசித்துப் பார்த்தபோதுதான் சூட்சுமம் பிடிபட்டது. பழைய முறையில் ராத்திரி இரண்டு பந்தி. முதல் பந்தி ஐந்தரை ஆறு மணிக்கு, இரண்டாவது எட்டு எட்டரைக்கு. உனக்கென்று ஒரு மேசை எண், பயணம் முடியும் வரை அதே மேசை, அதே வெயிட்டர். மூன்றாம் நாள் நீ கேட்காமலே உன் பழக்கம் அவருக்குத் தெரிந்திருக்கும். 2000-இல் 'நார்வேஜியன் குரூஸ் லைன்' என்ற கப்பல் கம்பெனிக்காரர்கள் 'ஃப்ரீஸ்டைல்' என்று பேர் வைத்து அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டார்கள். மற்ற கம்பெனிகளும் அவரவர் பேரில் அதையே கொண்டுவந்தன. இரண்டு பேர், நாலு பேர் என்று போகிறவர்களுக்கு இது சொர்க்கம், மறுக்கவில்லை. அதனால்தான் இந்த ஏற்பாடு உள்ள அறைகளில் சின்ன மேசைகள் நிறைய. நம்மைப் போல் கும்பலாக வந்தால் மேசைகளை ஒட்டிப்போட வேண்டும். ஒட்டிப்போட வேண்டுமென்றால் பக்கத்து பக்கத்து மேசைகள் ஒரே நேரத்தில் காலியாக வேண்டும். ஏழு மணிக்கு அது எப்படி நடக்கும்? ஹாஸ்டல் மெஸ்ஸில் மணி அடித்தார்கள், எல்லாரும் போய் உட்கார்ந்தோம். இங்கே மணி அடிக்க ஆள் கிடையாது, நம்மில் ஒருத்திதான் அடிக்க வேண்டும்.

தினமும் பதினாறு பேரும் சேர்ந்துதான் சாப்பிட வேண்டுமென்று உனக்குப் பிடிவாதமா? அப்படியானால் இப்போதே பழைய முறைப் பந்திக்கு மாறிவிடுவோம், நான் தயார். ஆனால் எட்டு கேபின்காரர்களும் ஒரே பந்தியைக் கேட்க வேண்டும், எட்டு புக்கிங் எண்களையும் ஒன்றோடொன்று இணைக்கச் சொல்ல வேண்டும். நம்மில் சிலர் ஏஜென்ட் மூலம், சிலர் நேரடியாகப் புக் செய்திருக்கிறோம். நாம் சேர்ந்து வருகிறோம் என்பது நாமாகச் சொன்னாலொழிய கம்பெனிக்குத் தெரியாது. இடம் நிரம்பிவிட்டால் காத்திருப்போர் பட்டியல்.

என்னைக் கேட்டால், ஏழு ராத்திரியும் பதினாறு பேர் என்பது அதிகம். மூன்று ராத்திரி போதும். மற்ற நாள் யாருக்கு யாரோடு தோன்றுகிறதோ அப்படிப் போகட்டும். நாற்பது வருஷ சிநேகிதம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நம் ஆம்பளைகள் ஒருத்தருக்கொருத்தர் அவ்வளவு பழக்கமில்லை பார். ஏழாவது ராத்திரி வரை என்ன பேசுவார்கள், பாவம்.

எந்த மூன்று என்பதில்தான் மூளை வேண்டும். முதல் ராத்திரி வேண்டவே வேண்டாம். பெட்டி இன்னும் கேபினுக்கு வந்திருக்காது, பாதிப் பேருக்கு வழி தெரியாது. கடைசி ராத்திரியும் வேண்டாம், பெட்டி கட்டி வெளியே வைத்துவிட வேண்டும் என்று எல்லாருக்கும் ஒரு கால் கேபினிலேயே இருக்கும். கப்பல் சாயங்காலம் தாமதமாகக் கிளம்பும் துறைமுக நாளும் உதவாது, ஆளாளுக்கு ஒரு நேரத்தில் களைத்துப்போய்த் திரும்புவார்கள். நாள் முழுக்கக் கடலிலேயே இருக்கிறோமே, அந்த நாட்கள்தான் தோது. யாரும் எங்கேயும் ஓடிப்போக முடியாது! ஃபார்மல் நைட், அதாவது எல்லாரும் நன்றாக உடுத்திக்கொண்டு சாப்பிட வரும் ராத்திரி, பெரும்பாலும் அப்படி ஒரு நாளில்தான் வரும். அதை நம் மூன்றில் ஒன்றாக வைத்துக்கொள்வோம், ஃபோட்டோவுக்கு ஆகும். கோட்டு போடமாட்டேன் என்று உன் வீட்டுக்காரர் அடம்பிடிப்பார், அதை நீ பார்த்துக்கொள்.

நேரம் ஐந்தேமுக்கால், இல்லாவிட்டால் எட்டு மணிக்கு மேல். ஆறரையிலிருந்து ஏழரை வரைதான் நெரிசல். ராத்திரி நிகழ்ச்சி எத்தனை மணிக்கு என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரிய மேசையில் சாப்பாடு மெதுவாகத்தான் நகரும். மேசையில் எல்லாரும் சூப்பை முடித்தால்தான் அடுத்த ஐட்டத்தைக் கொண்டுவருவார்கள். ஒருத்தி ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு கதை சொல்ல ஆரம்பித்தாள் என்றால் (யாரைச் சொல்கிறேன் என்று உனக்கே தெரியும்) மற்ற பதினைந்து பேரும் காலித் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்.

அதனால் பதினாறு பேருக்கு ஒரே நீள மேசை கேட்காதே. எங்களுக்கு நாலாம் நாள் அப்படித்தான் போட்டுக்கொடுத்தார்கள். பார்க்க ராஜ விருந்து மாதிரி இருந்தது. ஆனால் இந்தக் கோடியில் இருந்த நான் அந்தக் கோடியில் இருந்த நாத்தனாரோடு ஒரு வார்த்தை பேசவில்லை, கையைத்தான் ஆட்டினேன். ஆறாம் நாள் பக்கத்து பக்கத்தில் ஏழு ஏழு பேராக இரண்டு வட்ட மேசை. இனிப்பு வரும் நேரத்துக்கு இந்த மேசையில் பாதிப் பேர் அங்கே, அங்கிருந்தவர்கள் இங்கே. வெயிட்டருக்குத்தான் யார் எதைக் கேட்டார்கள் என்று குழம்பிப்போனது. அந்த ராத்திரிதான் உண்மையிலேயே சேர்ந்து சாப்பிட்ட ராத்திரி. நமக்கும் எட்டு எட்டாக இரண்டு மேசை கேட்போம். எட்டு பேர் மேசை கிடைப்பதும் சுலபம்.

யாரிடம் கேட்பது? கம்பெனி ஆப்பில் முன்கூட்டியே நேரம் குறிக்க முடிந்தால் குறித்து வைப்போம். ஆனால் இத்தனை பேரை ஒரே பதிவில் போட அநேகமாக விடாது. நேரில் பேசுவதுதான் வழி. ஏறிய அன்றே மத்தியானம், எல்லாரும் பஃபேயில் முண்டிக்கொண்டிருக்கும்போது, நாம் இரண்டு பேர் மட்டும் சாப்பாட்டு அறைக்குப் போவோம். அங்கே பொறுப்பாளர் இருப்பார், 'மேட்டர் டீ' என்பார்கள். அதைக் கேட்டுவிட்டு என் மாமனார் அந்தக் கோட்டுப் போட்ட பெரிய மனிதரிடம் போய், "ரெண்டு டீ, சர்க்கரை இல்லாம" என்று சொல்லிவிட்டார். மனுஷர் தங்கமானவர், சிரிக்காமல் இரண்டு டீ வரவழைத்துக் கொடுத்தார். அவரிடம் ஒரே தாளில் எல்லாவற்றையும் கொடுத்துவிட வேண்டும்: மூன்று தேதி, நேரம், எட்டு கேபின் எண், யாருக்கு எது சேராது, யாருக்குச் சக்கர நாற்காலி. வாயால் சொன்னால் மறந்துபோகும், தாள் மறக்காது. முடித்துவிட்டு நேராகப் பாதுகாப்புப் பயிற்சிக்குப் போய்விடலாம், அது எல்லாருக்கும் கட்டாயம்.

இன்னொன்று, நேரக் குழப்பம். துறைமுகத்தில் இறங்கினால் செல்ஃபோன் தானாக அந்த ஊர் நேரத்துக்கு மாறிவிடும். கப்பல் தன் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். என் மைத்துனர் ஒரு நாள் குளித்து, சென்ட் அடித்து, சரியாக ஒரு மணி நேரம் தாமதமாக வந்து நின்றார். கையில் ஒரு பழைய கடிகாரம் கட்டிக்கொண்டு வா. ஆளாளுக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிடுவதும் நடக்காது, எல்லாரும் இன்டர்நெட்டுக்குப் பணம் கட்டியிருக்கமாட்டார்கள். கேபின் கதவு பெரும்பாலும் இரும்பு. சின்னக் காந்தத்தால் ஒரு சீட்டு ஒட்டிவைத்தால் போதும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் ஒரே இடத்தில் கூடுவோம், பத்து நிமிஷம் பார்ப்போம், வராதவர்களை விட்டுவிட்டு உள்ளே போய்விடுவோம். கொஞ்சம் கறாராக இருந்தால்தான் நடக்கும். அந்தக் கெட்ட பேரை நான் வாங்கிக்கொள்கிறேன்.

உன்னிடம் மட்டும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நம் சிநேகிதிகளில் ஒருத்தி மட்டும் வீட்டுக்காரர் இல்லாமல் வரப்போகிறாள். எண்ணிக்கை சரியாக வரட்டும் என்று நீ அவள் அக்காவை அவளோடு சேர்த்துவிட்டாய், தெரியும். அக்காவோ ஏழு மணிக்குச் சாப்பிட்டு எட்டு மணிக்குத் தூங்குகிறவள். அதனால்தான் இந்த மூன்று ராத்திரிக்கு இவ்வளவு மெனக்கெடுகிறேன். மிச்ச நாலு ராத்திரியில், "நீங்க போங்க, எனக்குப் பசியில்லை" என்று சொல்லிவிட்டு, பஃபேயில் ஜன்னல் பக்கம் ஒரு தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வீட்டுக்காரர் போன பிறகு ஒரு ஓட்டலுக்குள் தனியாக நுழைந்ததே இல்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். வா வா என்று இழுத்தால் வரமாட்டாள். நீயும் நானும் முறை வைத்துக்கொள்வோம். "என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது பேசவே மாட்டேங்கிறார், நீ வந்து உட்காரேன்" என்று நான் கூப்பிடுகிறேன். அது பொய்யும் இல்லை. மறுநாள் நீ ஏதாவது சாக்குக் கண்டுபிடி. மூன்று பேருக்கு மேசை கேட்டால் அநேகமாக நாலு நாற்காலி மேசைதான் கொடுப்பார்கள். அந்த நாலாவது நாற்காலியில் நம் கும்பலில் யாராவது வந்து உட்காரட்டும்.

எட்டு புக்கிங் எண்களையும் வாங்கி அனுப்பு. ஒருத்தரும் எண்ணை மாற்றி எழுதிவிடாமல், வந்த தாளைப் படம் எடுத்தே அனுப்பச் சொல். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்
பழைய அறைத் தோழி

பி.கு.: காந்தம் நான் கொண்டுவருகிறேன். நீ பேனா கொண்டுவா, கப்பலில் கொடுக்கும் பேனா இரண்டாம் நாளே எழுதாது.