பேனல் கோளாறுக்கு எம்ஏஎஸ்-ஐ ஏற்றிவிட்டுப் போன சர்வீஸ் குறித்துப் புகார்

அனுப்புநர்:
உரிமையாளர் மற்றும் ரேடியோகிராபர்,
தனியார் எக்ஸ்ரே மையம், தருமபுரி.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
எங்கள் மையத்துக்கு டிஆர் பேனல் வழங்கிய நிறுவனம்.

பொருள்: வாரண்டியில் உள்ள பேனலின் கோளாறைச் சரிசெய்யாமல் எக்ஸ்போஷரை (படத்துக்குக் கொடுக்கும் கதிர்வீச்சு அளவை) கூட்டிவைத்தது தொடர்பாக.

ஐயா,

உங்களிடம் வாங்கிய டிஆர் பேனலில் (ஃபிலிமுக்குப் பதிலாக எக்ஸ்ரேயை வாங்கி நேரே கணினிப் படமாக்கும் தட்டு), நடுவிலிருந்து சற்று இடப்பக்கமாக, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு மணல் தூவியதுபோல விழுகிறது. அதற்காகத்தான் உங்கள் சர்வீஸ் பிரிவைக் கூப்பிட்டேன். வந்த இன்ஜினியர் பேனல் பக்கமே போகவில்லை. கன்சோலில் உட்கார்ந்து, ஒவ்வொரு உடல் பாகத்துக்கும் சேமித்து வைத்திருந்த எம்ஏஎஸ் அளவை (ஒரு படத்துக்கு எவ்வளவு எக்ஸ்ரே பாய வேண்டும் என்று தீர்மானிக்கும் எண்ணை) நான்கு மடங்காக்கிவிட்டு, "இனிமே கிளியரா வரும் சார்" என்று ரிப்போர்ட்டை நீட்டினார். நான் கையெழுத்துப் போடவில்லை. ஆனாலும் உங்கள் பதிவேட்டில் என் புகார் தீர்ந்துவிட்டதாக முடித்திருக்கிறீர்கள்.

திட்டு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. எக்ஸ்போஷர் போதாமல் வரும் நாய்ஸ் (படத்தில் விழும் பொடிப்பொடியான புள்ளிகள்) எப்படி இருக்கும் என்று இந்தத் தொழிலில் இருக்கும் யாருக்கும் தெரியும். அது படம் முழுக்கப் பரவும், இடுப்பு, வயிறு போன்ற தடிமனான இடங்களில் அதிகமாகத் தெரியும், படத்துக்குப் படம் மாறும். எங்களுக்கு வருவது அப்படி இல்லை. ஆளே இல்லாமல் வெறும் பேனலை எக்ஸ்போஸ் செய்தாலும் அதே இடத்தில், அதே வடிவத்தில் நிற்கிறது. பேனலின் எல்லா இடத்தையும் ஒரே சீராக்கும் கெயின் கேலிபரேஷன் கெட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் பேனலிலேயே பழுது. இரண்டுக்கும் எம்ஏஎஸ் மருந்து கிடையாது.

நெஞ்சுப் படத்தில் இந்தத் திட்டு வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் வந்து உட்காருகிறது. சளியா, டிபியா, மெஷின் கோளாறா என்று மருத்துவர் எனக்குப் போன் செய்து கேட்க வேண்டியிருக்கிறது. முன்கைப் படத்தில் இன்னும் மோசம். எங்கள் மாவட்டத்து நிலத்தடி நீரில் அளவுக்கு மீறி இருந்து எலும்பைக் கெடுக்கும் ஃபுளோரைடு பற்றி உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல்தான் வந்தது. அதற்கு முன்பு போர்த் தண்ணீரையே குடித்து வளர்ந்தவர்கள் பென்னாகரம், பாலக்கோடு பக்கமிருந்து மூட்டு வலி, முதுகு விறைப்பு என்று வருகிறார்கள். அவர்களுக்கு முன்கையின் இரண்டு எலும்புகளுக்கும் இடையே உள்ள சவ்வில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்றுதான் எலும்பு மருத்துவர் பார்ப்பார். மெல்லிய, சொரசொரப்பான கோடு அது. சரியாக அந்த இடத்தில்தான் உங்கள் திட்டு.

மின்னஞ்சலில் நீங்கள் அனுப்பிய பதிலுக்கு வருகிறேன். "படங்களின் தரம் திருப்திகரமாக உள்ளது" என்று எழுதியிருக்கிறீர்கள். ஃபிலிம் காலமாக இருந்தால் ஒத்துக்கொள்வேன். அப்போது எக்ஸ்போஷர் கூடினால் படம் கறுத்துவிடும், டார்க் ரூமிலிருந்து வெளியே வரும்போதே குட்டு வெளிப்பட்டுவிடும். டிஆரில் சாஃப்ட்வேர் வெளிச்சத்தைச் சரிக்கட்டிவிடுகிறது. நான்கு மடங்கு கொடுத்தாலும் படம் அழகாகத்தான் வரும், இன்னும் வழவழப்பாகவே இருக்கும். கூடுதல் கதிர்வீச்சு வாங்கியவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அதனால்தான் டிஜிட்டலில் கண்ணை நம்பாமல், பேனலில் விழுந்த கதிர்வீச்சைக் காட்டும் எக்ஸ்போஷர் இண்டெக்ஸ் என்ற எண்ணைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்த எண்ணை உங்கள் கன்சோல் திரையில் காட்டுவதில்லை. கேட்டால் சர்வீஸ் மோடில் மட்டும் தெரியும் என்கிறார்கள், பாஸ்வேர்டு தருவதில்லை. ஆனால் படக் கோப்பின் டைகாம் விவரத்துக்குள் (படத்தோடு சேர்ந்தே பதிவாகும் தகவல்கள்) அது எழுதப்பட்டுத்தான் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். ஏறக்குறைய ஒரே உடல்வாகு உள்ள பெரியவர்களுக்கு, கிரிட் (சிதறும் கதிரைத் தடுக்கும் தட்டு) இல்லாமல் எடுத்த நெஞ்சுப் படம்: முன்பு 5 எம்ஏஎஸ், இண்டெக்ஸ் 250-ஐ ஒட்டி. இன்ஜினியர் வந்து போன பின்பு 20 எம்ஏஎஸ், இண்டெக்ஸ் 1000-ஐ ஒட்டி. சர்வதேசத் தர அளவுப்படி 100 என்றால் பேனலில் விழுவது 1 மைக்ரோகிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு). ஆக 2.5 மைக்ரோகிரே போதுமாக இருந்த இடத்தில் இப்போது 10. இலக்கு இண்டெக்ஸ் இருக்க வேண்டிய இடம் காலியாகவே கிடக்கிறது. பேனலைப் பொருத்திய நாளிலேயே நிரப்பியிருக்க வேண்டியது அது. 250 என்று நிரப்பியிருந்தால், இலக்கிலிருந்து எவ்வளவு விலகியது என்று சொல்லும் டீவியேஷன் இண்டெக்ஸ் +6 என்று காட்டியிருக்கும். +3 என்றாலே இரண்டு மடங்கு என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

எனக்கு ஆறாத கோபம் குழந்தைகளுக்கான அளவையும் சேர்த்து ஏற்றியதில்தான். எங்கள் பழைய ஜெனரேட்டரில் 100 எம்ஏ (மில்லி ஆம்பியர்) மின்னோட்டத்தில் 2 எம்ஏஎஸ் என்றால் 0.02 விநாடி, 8 எம்ஏஎஸ் என்றால் 0.08 விநாடி. அழுகிற குழந்தையை மூச்சடக்கி நில் என்றா சொல்ல முடியும்? டோஸும் கூடி, படமும் அசைந்து மங்குகிறது. நாய்ஸ்தான் பிரச்சினை என்றே வைத்துக்கொண்டாலும் கேவிபி-யை (எக்ஸ்ரே குழாய்க்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தை) கொஞ்சம் ஏற்றிப் பார்த்திருக்கலாம். 15 சதவீதம் ஏற்றினால் எம்ஏஎஸ்-ஐ இரட்டிப்பாக்கிய பலன் கிடைக்கும் என்பது பயிற்சியில் முதலில் படிக்கிற பாடம்.

"உங்க ஊர் கரண்ட் சரியில்லை" என்றும் அவர் ஒரு வார்த்தை சொன்னார். ஸ்டெபிலைசர் இருக்கிறது. கரண்ட் ஏறி இறங்கினால் இண்டெக்ஸும் படத்துக்குப் படம் ஏறி இறங்க வேண்டுமே? கோப்புகளில் அப்படி எதுவும் இல்லை.

ஏற்றிய அளவுகளைத் திருத்தவும் பாஸ்வேர்டு வேண்டும் என்பதால், பழைய அளவுகளை ஒரு அட்டையில் எழுதிக் கன்சோல் மேல் ஒட்டியிருக்கிறேன். அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு முறையும் கையால் குறைத்து எடுக்கிறோம். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய மெஷினுக்கு அட்டை வைத்தியம்! அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் ஈ-லோரா இணையதளப் பதிவு என் மையத்தின் பெயரில் இருக்கிறது. நாளை கேள்வி வந்தால் பதில் சொல்லப் போவது நான்தான், உங்கள் இன்ஜினியர் இல்லை.

எனவே முதலில் பேனலுக்கு என் முன்னிலையில் கேலிபரேஷன் செய்து, ஆளில்லாத படம் ஒன்று எடுத்துக் காட்டுங்கள். அதிலும் திட்டு தெரிந்தால் வாரண்டியில் வேறு பேனல் தர வேண்டும். எம்ஏஎஸ் அளவுகளைப் பழையபடி மாற்றி, குழந்தைகளுக்கு எடைவாரியாகத் தனியே அமைத்து, யார் எப்போது மாற்றினாலும் எழுத்தில் தர வேண்டும். எக்ஸ்போஷர் இண்டெக்ஸும் டீவியேஷன் இண்டெக்ஸும் ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் தெரிய வேண்டும். அப்புறம், தீர்ந்ததாக முடித்த என் புகாரை மறுபடி திறங்கள்.

இவை நடக்கும்வரை ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) புதுப்பிப்புத் தொகை வராது. வாரண்டி முடியட்டும் என்று இழுத்தடித்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவரும் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நுகர்வோர்தான். இன்ஜினியர் வருவதற்கு முன்பும் பின்பும் எடுத்த படங்களின் டைகாம் விவரங்களை, நோயாளிகளின் பெயரை நீக்கிவிட்டு இத்துடன் இணைத்திருக்கிறேன். மதியம் இரண்டு மணிக்கு மேல் இங்கே கூட்டம் குறைவு, அந்த நேரத்துக்கு ஆளை அனுப்புங்கள். கேலிபரேஷன் தெரிந்தவராகப் பார்த்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உரிமையாளர், எக்ஸ்ரே மையம்,
தருமபுரி.