நாலாக நறுக்கிய மாத்திரை

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் நலத்தைத் தொலைபேசியில் எத்தனை முறை கேட்டாலும் "ம்" என்ற ஒற்றை எழுத்துக்கு மேல் பதில் வருவதில்லை என்பதால், எழுத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது.

போன முறை நாங்கள் வந்திருந்தபோது நீ மேசையின்மேல் சவர பிளேடால் ஒரு மாத்திரையை நாலாக நறுக்கிக்கொண்டிருந்தாய். நான் உள்ளே வந்ததும் அட்டையைப் புத்தகத்துக்கு அடியில் தள்ளிவிட்டாய். அந்த அட்டையை எட்ட நின்றே எனக்கு அடையாளம் தெரியும். புரோஸ்டேட் சுரப்பி வீக்கத்துக்காக நான் சாப்பிட்ட அதே ஃபினாஸ்டரைடு, அதே 5 மில்லிகிராம். முடி உதிர்வதற்கு 1 மில்லிகிராம் போதும் என்பதால் பெரிய மாத்திரையை வாங்கி நறுக்கிக்கொள்கிறாய். சிக்கனம் உனக்கு அம்மா வழியில் வந்தது. நெற்றி ஏறுவது என் வழியில் வந்தது. அதற்கு நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

முடியைக் காப்பாற்ற நினைப்பது குற்றம் என்று சொல்ல வரவில்லை. அந்த மருந்து வேலை செய்கிறது. டெஸ்டோஸ்டிரோனை டி.எச்.டி. என்ற இன்னொரு ஹார்மோனாக மாற்றும் நொதியை அது தடுக்கிறது; மயிர்க்கால்களைச் சுருங்கச் செய்வது அந்த டி.எச்.டி.தான். ஆனால் இரத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு டி.எச்.டி.யைக் குறைக்கும் மருந்து தலையோடு மட்டும் நின்றுவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. பாலுறவு நாட்டம் குறைதல், விறைப்புக் குறைதல், விந்து குறைதல் ஆகியவை மருந்துக் குறிப்பிலேயே அச்சாகியிருக்கின்றன. முதலில் நடந்த ஆய்வுகளில் இவை ஒவ்வொன்றும் நூற்றில் இரண்டு பேருக்கும் குறைவானவர்களுக்கே வந்தன. ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலும் சிலர் அவற்றைச் சொன்னார்கள். பெரும்பாலோருக்கு நிறுத்தியதும் சரியாகிவிடுகிறது. சிலருக்கு நிறுத்திய பிறகும் நீடித்ததாகப் புகார்கள் வந்ததால், 2012-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அதையும் குறிப்பில் சேர்க்க வைத்தது.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அந்த மாத்திரையைத் தொடங்கிச் சில மாதங்களில் எனக்கு இடது மார்புக் காம்புக்குக் கீழே சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி வந்தது. சட்டை உரசினாலே வலித்தது. ஆண்பிள்ளைக்கு மார்பில் வலி என்று யாரிடம் சொல்வது? உன் அம்மாதான் இழுத்துக்கொண்டு போனாள். மருத்துவர் கொஞ்சமும் வியப்படையவில்லை. டி.எச்.டி.யாக மாறாமல் மிஞ்சுகிற டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதி பெண்மை ஹார்மோனாக மாறுகிறது, அதனால் சில ஆண்களுக்கு இப்படி வரும் என்று விளக்கி, மார்பைப் பரிசோதித்துவிட்டு வேறு வகை மருந்துக்கு மாற்றினார். கட்டி கரைந்தது. மற்றவற்றைப் பற்றித் தகப்பன் மகனுக்கு எழுத வேண்டியதில்லை. நான் வயதின்மேல் போட்ட பழியில் பாதி மாத்திரையைச் சேர்ந்தது என்று மட்டும் வைத்துக்கொள்.

உனக்கு அப்படி ஏதாவது இருக்கிறதா என்று நான் கேட்கப்போவதில்லை. மருத்துவர் கேட்பார். அவரிடம் மறைக்காமல் சொல்.

என்னை உறங்கவிடாதது இன்னொன்று. உன் சித்தப்பாவுக்கு நடந்தது உனக்குத் தெரியும். அந்த மாதங்களில் அவனும் தொலைபேசியில் "ம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். ஃபினாஸ்டரைடு சாப்பிடும் சிலருக்கு மனச்சோர்வும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் வரலாம் என்பதை ஐரோப்பிய மருந்து முகமை 2025-இல் உறுதிப்படுத்தியது. அதற்கு வந்த புகார்களில் பெரும்பகுதி முடிக்காக 1 மில்லிகிராம் சாப்பிட்டவர்களுடையவை. மனம் இருண்டதாகத் தோன்றினால் மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதே அவர்கள் சொல்வது. நம் குடும்பத்தில் இருப்பதை உன் மருத்துவரிடம் சொன்னாயா? மருத்துவரைப் பார்த்துத்தான் தொடங்கினாயா? பள்ளியில் பரிசோதனைக் குறிப்பேட்டை அவ்வளவு ஒழுங்காக எழுதி ஆசிரியர்களின் பாராட்டைப் பெற்ற பிள்ளை, தன் உடம்பில் செய்யும் பரிசோதனையை மட்டும் யாருக்கும் தெரியாமல் செய்வது எனக்குப் புரியவில்லை.

இவற்றையெல்லாம் எழுதலாமா என்றுகூடத் தயங்கினேன். பக்க விளைவுகளை முன்கூட்டியே விளக்கிச் சொல்லப்பட்டவர்கள் அவற்றைக் கூடுதலாக உணர்ந்ததாக ஓர் ஆய்வு உண்டு. ஆகவே இல்லாததை உடம்பில் தேடாதே. இருப்பதை மறைக்காதே, அவ்வளவுதான்.

நறுக்குவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முழு மாத்திரையின் மேல்பூச்சு உள்ளே இருக்கும் மருந்து கையில் படாமல் காக்கிறது. நறுக்கினால் தூள் சிதறுகிறது. கருவுற்ற பெண்ணோ கருவுற வாய்ப்புள்ள பெண்ணோ அந்தத் தூளைத் தொடக்கூடாது, ஏனென்றால் வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையானால் அதன் பிறப்புறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம். மருமகள் அந்த மேசையைத்தான் தினமும் துடைக்கிறாள். நீங்கள் குழந்தைக்கு எண்ணியிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல். சிலருக்கு இந்த மருந்தால் விந்தணு எண்ணிக்கை குறைந்து, நிறுத்திய பின் தேறியிருக்கிறது.

இதே காரணத்தால் நீ இரத்த தானமும் செய்யக்கூடாது. நீ தவறாமல் இரத்தம் கொடுப்பதை உறவினர் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லி வருகிறேன், அதில் மாற்றமில்லை. ஆனால் அந்த இரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போகலாம் என்பதால், கடைசி மாத்திரைக்குப் பிறகு குறைந்தது ஒரு மாதமாவது பொறுத்திருக்கச் சொல்கிறார்கள். இதே வகையைச் சேர்ந்த டூட்டாஸ்டரைடு என்ற மருந்து என்றால் ஆறு மாதம். அது உடம்பைவிட்டு மெல்லத்தான் வெளியேறும். இது போதவில்லை என்று அந்த மருந்துக்கு நீயாகத் தாவிவிடாதே.

நிறுத்தினால் காப்பாற்றிய முடி ஓராண்டுக்குள் போய்விடும் என்ற அச்சம் உனக்கு இருக்கும். அது உண்மைதான். ஹார்மோனைத் தொடாத மினாக்சிடில் என்ற முடி மருந்து இருக்கிறது, அது உனக்குப் பொருந்துமா என்பதையும் மருத்துவரிடமே கேள். தொடரச் சொன்னால் தொடர். என்றைக்காவது புரோஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனை செய்ய நேர்ந்தால் இந்த மாத்திரையைச் சாப்பிடுவதை முதலில் சொல்லிவிடு. இது அந்த அளவைப் பாதியாகக் குறைத்துக் காட்டும். எனக்கு வந்த எண்ணை இரண்டால் பெருக்கித்தான் படித்தார்கள்.

அம்மா நலம். வீட்டுச் செய்திகள் நிறைய இருக்கின்றன, அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். மருத்துவரைப் பார், மறைக்காமல் சொல், சித்தப்பாவைப் பற்றியும் சொல். எனக்கு விளக்கம் எழுத வேண்டாம். எந்தத் தேதியில் போகிறாய் என்று மட்டும் எழுது. தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் நான் வந்து வெளியே உட்கார்ந்துகொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா